பிறேமன் போய்ச் சேராத பாடகர்கள்

விலங்குக் கதை என்றவுடன் அதனைக் குழந்தைகளின் பக்கமாகத் தள்ளிவிட்டு, ஈற்றில் ஒரு நீதியைக் கட்டித் தொங்கவிடுவது நமது வகுப்பறைகளில் நெடுங்காலமாக வேரூன்றிவிட்ட வழக்கம். கிறிம் சகோதரர் தொகுத்த ஜேர்மனிய நாட்டார் கதைகளுள் ஒன்றான ‘பிறேமன் நகர இசைவாணர்’ இவ்வழக்கத்துக்குப் பெரிதும் இரையான கதை. கழுதையின் முதுகில் நாய், நாயின் முதுகில் பூனை, பூனையின் முதுகில் சேவல், நான்கும் ஒருங்கே கத்த, திருடர் ஓடுகின்றனர், திரை விழுகின்றது, ‘ஒற்றுமையே பலம்’ என்று ஆசிரியர் முடிக்கின்றார், அவை கைதட்டுகின்றது. அட்டையில் முகமூடி வெட்டிக் கொடுத்து இக்கதையை இரண்டு முறை மேடையேற்றியவன் என்ற முறையில் அந்தக் கைதட்டலில் எனக்கும் பங்குண்டு. ஆயினும் கதையின் உயிர் அந்த நான்கடுக்குக் கோபுரத்தில் இல்லை; அதன் தொடக்கத்திலுள்ள ஒரு கணக்கில் இருக்கின்றது என்பதே என் துணிபு.

அக்கணக்கு யாது? கழுதையொன்று ஆண்டுக்கணக்காகத் தானிய மூட்டைகளை மாவாலைக்குச் சுமந்தது. உடல் தளர்ந்தது. இனி இதற்கு இடும் தீனி நட்டம் என்று எசமானன் எண்ணத் தலைப்பட்டான். எசமானன் கொடியவன் என்றோ அடித்தான் என்றோ கதை சொல்லவில்லை. வரவைவிடச் செலவு மிகுந்தது, அவ்வளவே. கழுதை அதனை முகக்குறிப்பால் உணர்ந்து, பிறேமன் நகரத்துக்குச் சென்று நகரசபையின் இசைவாணனாகலாம் என்று புறப்படுகின்றது. வழியில் வேட்டைக்குப் பயன்படாமையால் கொல்லப்படவிருந்த கிழநாய். பல் மழுங்கி அடுப்பங்கரையை நாடியமையால் நீரில் அமிழ்த்தப்படவிருந்த பூனை. ஞாயிற்றுக்கிழமை விருந்தினருக்காகச் சாறாகவிருந்த சேவல்.

சேவலை நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். ஏனைய மூன்றும் முதுமையால் விலக்கப்பட்டவை. சேவல் முதுமையடைந்தது என்று கதை யாண்டும் சொல்லவில்லை. அன்றும் அது தன் கடமையைச் செய்து கூவிக்கொண்டுதான் இருந்தது. ஆயினும் விருந்துக்கு வேண்டியதாயிற்று. உழைத்து ஓய்ந்தால் மட்டுமே வீழ்த்துவர் என்று எண்ணியிருப்போருக்கு, உழைத்துக்கொண்டிருக்கும்போதே வீழ்த்துவர் என்பதைச் சொல்லும் பாத்திரம் அது. ஒற்றுமைப் பாடம் நடத்துவோர் இவ்வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

உழைத்து வீழ்ந்த விலங்கைக் கைவிடும் கதை தமிழ் மாணவனுக்குப் புதியதன்று. பஞ்சதந்திரத்தின் முதலாவது தந்திரமே அப்படித்தான் தொடங்குகின்றது. வணிகன் வர்த்தமானனின் பாரவண்டியை இழுத்துச் சென்ற சஞ்சீவகன் என்னும் எருது சேற்றில் சிக்கிக் கால் முறிய, வணிகன் அதனைக் காட்டில் விட்டு வழிமேற் செல்கின்றான். தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பெயர்த்த தமிழ் வசனப் பஞ்சதந்திரம் 1826-இல் அச்சேறியது. கிறிம் தொகுதியில் பிறேமன் கதை முதன்முதலாக இடம்பெற்றது அதன் இரண்டாம் பதிப்பில், 1819-இல். ஏறத்தாழ ஒரே காலத்தில் இரு நாடுகளிலும் கைவிடப்பட்ட உழைப்பு விலங்கு அச்சில் நடைபோடத் தொடங்கியது என்று சொல்லலாம்.

இரண்டுக்கும் இன்னுமோர் ஒற்றுமை உண்டு. காட்டில் புல்மேய்ந்து உடல் தேறிய சஞ்சீவகன் முழங்குகின்றது; அம்முழக்கத்தைக் கேட்டு, நீரருந்த வந்த சிங்கமாகிய பிங்கலன் நடுங்கி நிற்கின்றான். பிறேமன் கதையிலும் கைவிடப்பட்டவற்றின் குரலே காட்டுவீட்டிலிருந்தோரை ஓட்டுகின்றது. பயனற்றது என்று தள்ளப்பட்ட உடம்பிலிருந்து எழும் குரலை வலியோர் இன்னதென்று அறியாது அஞ்சுகின்றனர் என்ற நுண்ணிய அவதானிப்பு இரு மரபுகளிலும் உள்ளது.

ஆனால் அதன் பின்னர் பாதைகள் பிரிகின்றன. சஞ்சீவகன் தனியன். அரசனின் நண்பனாகி, அரண்மனை வாழ்வில் இன்புற்று, தமனகன் என்னும் நரியின் கோளினால் அதே அரசனின் நகத்தாற் கிழிபட்டு மடிகின்றது. அக்கதை அரசிளங்குமரருக்கு ஆட்சிக்கலை கற்பிக்கச் சொல்லப்பட்டது. எருதின் சாவு அங்கே ஒரு பாடத்தின் எடுத்துக்காட்டு. அதற்காக எவரும் அழுவதற்கில்லை. கைவிட்டுப் போன வணிகன் கதைக்குத் திரும்பி வருவதுமில்லை. அரண்மனைப் பார்வையிற் கூறப்படும் கதையில் வண்டியிழுத்த எருதுக்குக் கிடைக்கக்கூடிய அதியுயர் பதவி அமைச்சுப் பதவியே, அதுவும் நிலையாதது. எளியோர் கூடி வலியோனை வீழ்த்தும் கதை நம்மிடம் இல்லை என்று இதனால் முடிவு கட்டிவிடலாகாது. சிட்டுக்குருவி மரங்கொத்தியையும் ஈயையும் தவளையையும் துணைகொண்டு யானையை வீழ்த்தும் கதை அதே பஞ்சதந்திர மரபிலும், அதனையொத்த கதை இலங்கையர் நன்கறிந்த ஜாதகக் கதைகளிலும் உண்டு. ஆயின் அங்கே கூடுவோர் காட்டுயிர்கள். கூலியுழைப்பிலிருந்து தள்ளப்பட்டோர் அதன் பொருட்டே கூடுவதைப் பிறேமன் கதையிலேதான் காண்கிறோம்.

இனி இக்கதையின் குறைபாட்டைப் பேசலாம். போற்றுவதற்காக மட்டும் விமரிசனம் எழுதப்படுவதில்லை.

நான்கு விலங்குகளுக்கும் தீங்கிழைத்தோர் யார்? மாவாலைக்கு மூட்டையனுப்பியவன், வேட்டைக்காரன், வீட்டுத்தலைவி, விருந்தளிக்க விரும்பியவள். நான்கு விலங்குகளும் துரத்தியடிப்பது யாரை? காட்டில் வாழும் திருடரை! எசமானர் ஒருவருக்கேனும் ஒரு கீறல் விழவில்லை. கதையின் முற்பாதியில் மூண்ட கோபம் பிற்பாதியில் வேறொரு விலாசத்துக்கு அனுப்பப்படுகின்றது. திருடனை அடித்தால் தேவாலயமும் மகிழும், நகரசபையும் மகிழும். எசமானனை அடித்திருப்பின் இக்கதை குழந்தை நூலில் இடம்பெற்றிருக்குமா என்பது ஐயமே. கிறிம் சகோதரர் இதன் பிரதான வடிவங்களைப் பாடர்போர்ன் வட்டாரத்தில், நிலவுடைமைக் குடும்பமாகிய ஹக்ஸ்தவுசன் வீட்டாரிடமிருந்து பெற்றனர் என்பதை இங்கு மனங்கொள்ள வேண்டும். பண்ணையின் கீழே பிறந்த கதை பண்ணை வீட்டு முற்றத்தின் வழியாகவே அச்சுக்கு வந்து சேர்ந்தது.

இதற்கு ஒரு சான்றும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. சகோதரர்கள் தம் குறிப்புகளில் மற்றொரு வடிவத்தைச் சொல்கின்றனர். அது காசல் நகருக்கு அருகிலுள்ள ஸ்வேர்ன் கிராமத்தது. அவர்களுக்குப் பல கதைகள் கூறியவரும், சத்திரக்காரரின் மகளும் தையற்காரரின் மனைவியுமான டொறொதியா ஃபீமானின் ஊர் அது. அவ்வடிவத்தில் விலங்குகள் சாளரத்தை உடைத்துப் பாயவில்லை. அமைதியாக உள்ளே சென்று இசைக்கின்றன. திருடர் அவற்றுக்கு உணவளிக்கின்றனர். பின்னர் திருடர் கொள்ளைக்குப் போய் நள்ளிரவில் மீளும்போதே அடிபிடி நிகழ்கின்றது. எசமானன் தீனியை நிறுத்த எண்ணினான். திருடனோ பாட்டுக்குச் சோறு போட்டான்! இத்துணை கூர்மையான எள்ளல் அடிக்குறிப்பிலே கிடக்க, பேரிரைச்சலோடு பாயும் வடிவமே உலகெங்கும் பரவியது. அதற்கும் முன்னர், 1595-இல் வெளிவந்த றொலன்ஹாகனின் விலங்குக் காவியத்தில் எருதும் கழுதையும் தம் கூட்டத்தோடு காட்டுவீட்டைக் கைப்பற்றுகையில் அங்கிருந்து ஓடுவன காட்டு விலங்குகளே. ஆகவே வீட்டுக்குள் யாரை இருத்துவது என்பது கதை சொல்வோன் எப்பொழுதும் தன் தேவைக்கேற்ப நிரப்பிக்கொண்ட இடம். பிற்காலத் தழுவல்களை மதிப்பிட இதனையே அளவுகோலாகக் கொள்ள விரும்புகிறேன்: தழுவியவன் தீனிக் கணக்கை வைத்திருக்கின்றானா? வீட்டுக்குள் யாரை இருத்தியிருக்கின்றான்?

அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி தம் இளமைக்காலத்தில், 1922-இல், கன்சஸ் நகரத்திலிருந்து இதனை ஊமைக் கேலிச்சித்திரமாக்கினார். துரத்தலும் வெடியுமே அதன் சரக்கு; அதைப்பற்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை.

நம்மில் பலர் ஆவலோடு நோக்கியிருக்கக்கூடியது சோவியத் கார்ட்டூன் படம். சோயூஸ்மூல்த்ஃபில்ம் நிறுவனம் 1969-இல், இனெசா கொவலேவ்ஸ்கயாவின் இயக்கத்திலும் கென்னாதி கிளாத்கொவின் இசையிலும் வெளியிட்ட அப்படம் ஒரு தலைமுறையையே ஆட்கொண்டது. அதன் தட்டுகள் வீடுதோறும் ஒலித்தன. கதையோ அடியோடு மாறிவிட்டது. இளைஞனாகிய பாணன் ஒருவன் அரசகுமாரியைக் காதலிக்கின்றான். கழுதையும் நாயும் பூனையும் சேவலும் அவனுடைய வாத்தியக் குழு. அவற்றுக்கு முதுமையில்லை, எசமானன் இல்லை, எனவே கணக்கும் இல்லை. திருடர் வீட்டைக் கைப்பற்றி, அவர்தம் உடையை அணிந்து, அரசனைக் கடத்துவதாக நடித்து, பாணனை மீட்பாளனாகக் காட்டிக் காதலை நிறைவேற்ற உதவுகின்றன. உழைப்பாளியின் அரசு என்று பெயர்பெற்ற நாட்டிலே, உழைப்பாளியின் கதையிலிருந்து உழைப்பு உதிர்ந்துபோய்க் காதலும் கிதாரும் எஞ்சியதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். ஆயினும் நேர்மை கருதி ஒன்று சொல்ல வேண்டும். மாளிகைச் சுவர்களைவிடத் திறந்த வழியே இனிது என்னும் அதன் மூச்சு, ஆணைகளுக்கு நடுவே வளர்ந்த இளைஞருக்கு ஒரு விடுதலையாகவே பட்டிருக்கும். 1973-இல் அதன் தொடர்ச்சியும் வந்தது. அவர்கள் தம் கணக்கைத் தீர்க்கக் கதையை வேறு வழியிற் பயன்படுத்தினர் போலும்.

வெண்கலத்திலும் ஒரு தழுவல் உண்டு. பிறேமன் நகரமண்டபத்தின் பக்கத்தில் 1953-இல் நிறுவப்பட்ட கெர்ஹார்ட் மார்க்ஸின் சிலையே இன்று உலகுக்கு இக்கதையின் முகம். நாசிகள் 1933-இல் ஆசிரியப் பதவியிலிருந்து விலக்கிய சிற்பி அவர். அவருடைய ஆக்கங்கள் 1937-இல் ‘சீர்கெட்ட கலை’ என்ற பழிப்புக் கண்காட்சியிலே நிறுத்தப்பட்டன. தள்ளப்பட்டவன் கையால் தள்ளப்பட்டவற்றுக்கு எழுந்த சிலை எனலாம். இன்று பயணிகள் நல்லூழ் வேண்டிக் கழுதையின் முன்னங்கால்களைப் பற்றுவதால் அவை மட்டும் தேய்ந்து பொன்போல் மின்னுகின்றன. ஆண்டுக்கணக்காக மூட்டை சுமந்த விலங்கு இன்றும் பிறருக்கு ஊழ் சுமக்கின்றது! கதையில் அவை பிறேமனை அடையவேயில்லை என்பதையும் அந்நகரத்தார் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

அளவுகோலுக்கு முழுமையாக ஈடுகொடுப்பது பிரேசில் நாட்டு ஆக்கம். இத்தாலியில் செர்ஜியோ பார்தொத்தி எழுத லூயிஸ் பக்கலோவ் இசையமைத்த நாடகத்தை, பாடகரும் நாடகாசிரியருமான சிக்கோ புவார்க்கே 1977-இல் போர்த்துக்கேய மொழியிற் புதுக்கினார். அப்பொழுது பிரேசில் இராணுவ ஆட்சியின் கீழ் இருந்தது. 1964 முதல் 1985 வரை அந்நிலை நீடித்தது. புவார்க்கே தணிக்கையாளர் கையில் பலமுறை அடிபட்டவர். அவருடைய நாடகமொன்று 1973-இல் தடைசெய்யப்பட்டது. பெரியோருக்குச் சொல்லத் தடையிருந்ததைச் சிறுவர் நாடகத்தில் வைத்தார். அங்கே கழுதை கூலியின்றிச் சுமக்கும் நாட்டுப்புறத்து உழைப்பாளி. நாய் கட்டளைக்குப் பணிந்தே பழகியது. பூனை வளமான வீட்டில் வளர்ந்தும், இரவில் வெளியே சென்று பாடியமையால் துரத்தப்பட்டது. சேவலுக்குப் பதிலாகப் பெட்டைக்கோழி. முட்டைத் தொகை குறைந்ததென்று சட்டிக்குக் குறிக்கப்பட்டது. நான்கும் ஒரு விடுதியை அடைகின்றன. உள்ளே இருப்போர் திருடர் அல்லர். அந்நான்கினதும் பழைய எசமானர்களே! ஒன்றரை நூற்றாண்டுக் காலம் தவறான விலாசத்தில் அலைந்த கோபம் அந்த ஒரு மாற்றத்தாற் சரியான வாசலுக்கு வந்து சேர்கின்றது. மூலத்தைச் சிதைத்தார் என்று சிலர் குறைகூறக்கூடும். மூலம் தொடங்கிவைத்து அஞ்சி நிறுத்தியதை அவர் முடித்துவைத்தார் என்பேன்.

ஜோர்ஜ் ஒறுவெல்லின் ‘விலங்குப் பண்ணை’யை (1945) இவ்வரிசையில் சேர்ப்போர் உளர். அதன் அரசியல் முடிபுகளோடு நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் உழைத்து உடைந்த பொக்ஸர் என்னும் குதிரையை இறைச்சிக்கூடத்து வண்டியில் ஏற்றும் பகுதி, ஜேர்மனியக் கழுதை எதிலிருந்து தப்பி ஓடிற்றோ அதனையே காட்டுகின்றது என்பதை மறுக்க இயலாது.

முட்டை குறைந்த கோழியின் இடத்தை வகுப்பில் விளக்கியபோது, எனக்கு விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. நான் கற்பிப்பது வட்டகொடையில். என் மாணவருள் பெரும்பாலோரின் அன்னையர் கொழுந்து பறிப்பவர்கள். குறித்த கிலோ நிறையாவிட்டால் அன்றைக்கு அரைப்பேர்தான் என்பது இங்கே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த கணிதம். ஒரு மாணவி எழுந்து, “சேர், அந்தக் கழுதைக்குச் சேமலாப நிதி இல்லையா?” என்று கேட்டாள். வகுப்புச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958-இலும் பணிக்கொடைச் சட்டம் 1983-இலும் வந்தவை. 5 ஆண்டுக்கு மேல் உழைத்த தோட்டத் தொழிலாளிக்கு ஆண்டொன்றுக்கு 14 நாட் சம்பளம் பணிக்கொடை. தீனிக் கணக்குக்கு எதிராகத் தொழிலாளர் போராடி எழுதிய மறுகணக்கு அது. சிறிதே எனினும் அற்பமன்று. அவளுடைய கேள்வி இத்தனை உரையாசிரியர்களும் தொடாத இடத்தைத் தொட்டது.

வட்டகொடைக்கு இக்கதையில் வேறோர் உரிமையும் உண்டு. இங்குள்ள மடகொம்பரைத் தோட்டத்தில் 1914-இற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, மலைநாட்டு மக்களின் நாட்டார் பாடல்களைத் தொகுத்தவர். 1947-இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானவர். தொழிற்சங்கம் அமைத்தமையால் வேலையும் லயத்து அறையும் இழந்து அலையும் தொழிலாளியை அவருடைய ‘வீடற்றவன்’ நாவலிற் காண்கிறோம். பிறேமன் கதையின் முற்பாதி அது. காட்டுவீடு மட்டும் இல்லை. அக்காலத்தில் விடியுமுன் தப்பு ஒலித்துத் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தனர். அதே தப்பு மாசி மாதத்துக் காமன் கூத்திலும் ஒலித்தது. எசமானனின் பொழுதை அறிவிக்கும் ஒலியும் தன் பொழுதைக் கொண்டாடும் ஒலியும் ஒரே தோலிலிருந்து எழுந்தன. பிறரை வேலைக்கு எழுப்பக் கூவிய சேவல் தனக்காகக் கூவத் தலைப்படுவதன் பொருள் இம்மண்ணில் நின்று பார்த்தால் எளிதிற் புலனாகும். கதையில் இருளிலே திரும்பி வந்து அடிபட்டோடும் திருடன், கூரையில் ஒரு நீதிபதி அமர்ந்து குற்றவாளியைக் கொண்டுவருமாறு ஆணையிட்டதாகத் தன் தலைவனிடம் சொல்கின்றான். சாறாகவிருந்தது நீதிபதியாகக் கேட்கின்றது!

பயணத்தையும் ஒப்பிடத் தோன்றும். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் விதித்தது. மலைநாட்டுப் புகையிரத நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற வண்டியை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றனர்; மு. சிவலிங்கத்தின் சிறுகதைத் தொகுதிக்கு அதுவே தலைப்பாயிற்று. பார்த்தறியாத ஊருக்குப் போவது பொதுவெனினும், பிறேமனைத் தேர்ந்தது கழுதையே; இடையில் ஒரு வீடு கண்டு அது தங்கிவிட்டபோது எவரும் தடுக்கவில்லை. நம்மவரின் பிறேமனை இரு அரசுகள் எழுதின. வழியில் இறங்க அனுமதியும் இல்லை. ஒப்புமையை இதற்கு மேல் நீட்டுவது கதைக்கும் நியாயமன்று, அம்மக்களுக்கும் நியாயமன்று.

ஆனால் ஓரிடத்தில் கதை நம்மை நேராகவே நோக்குகின்றது. திருடர் ஓடினர், வீடு விலங்குகளுடையதாயிற்று, மேசையும் உணவும் அவற்றுடையன. உறங்கும் வேளை வந்தபோது கழுதை எங்கே படுத்தது? முற்றத்துக் குப்பைமேட்டில். நாய் கதவின் பின்னே. பூனை அடுப்புச் சாம்பலருகே. சேவல் உத்திரத்தின் மேலே. அவையவை தம் இயல்புக்கேற்ற இடத்தைத் தேடிக்கொண்டன என்று கதை இதமாகச் சொல்கின்றது. அதனை இயல்பு என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை. எசமானன் ஒதுக்கிய இடமே நாளடைவில் இயல்பாகிவிடுகின்றது. வீடு கைமாறியும் படுக்கை மாறவில்லை! 1975-இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992-இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. இருமுறை வீடு கைமாறிற்று. லயத்து அறைகளோ இன்றும் பல தோட்டங்களில் அப்படியே நிற்கின்றன. புவார்க்கே கூட இந்தப் படுக்கைக் காட்சியை உரியவாறு கவனித்ததாக எனக்குத் தோன்றவில்லை. விடுதியைக் கைப்பற்றிய மகிழ்ச்சியில் பாட்டோடு முடித்துவிட்டார்.

அடுத்த தமிழ்த்தின விழாவுக்கு இக்கதையை மீண்டும் மேடையேற்ற எண்ணியுள்ளோம். வீட்டுக்குள் யாரை இருத்துவது என்பதில் மாணவர்களிடையே இன்னும் வாக்குவாதம் ஓயவில்லை. கடைசிக் காட்சியில் மட்டும் முடிவாகிவிட்டது. திருடர் ஓடிய பின் கழுதை வேடம் பூண்டவன் பழக்கத்தினால் முற்றத்துப் பக்கம் நடக்க வேண்டும். சேவல் வேடம் பூண்ட சிறுமி அவன் கையைப் பிடித்து உள்ளே கட்டிலைக் காட்ட வேண்டும். அவன் படுப்பானா என்பதை ஒத்திகையிற் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கின்றனர்.